கையால் செய்த சுடுமண் மணிகளைப் பிற நகைக் கலைஞர்களுக்கு உதிரியாகக் கொடுப்பதற்கு என்ன தரம் வேண்டும்?

செம்மண்சரம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளாகச் சுடுமண் நகைகளை வீட்டிலேயே செய்து, தெரிந்தவர்களுக்கும் கண்காட்சிகளுக்கு வருவோருக்கும் விற்று வருகிறேன். இதுவரை மணியை உருட்டுவது முதல் நூலில் கோத்துக் கொக்கி மாட்டுவது வரை எல்லாமே என் கையில்தான் நடந்தன. ஒரு மணியின் துளை குறுகலாக அமைந்தால் அதற்கேற்ற நூலை நானே தேர்ந்துகொள்வேன். ஒன்று சிறுத்துவிட்டால் அதைப் பின்கழுத்துப் பக்கமாகக் கோத்துவிடுவேன். இப்போது பட்டுநூல் நகைகளும் மணிக்கோவைகளும் செய்கிற சிலர், முழு நகையாக வேண்டாம், மணிகளையும் பதக்கங்களையும் இணைப்புத் துண்டுகளையும் மட்டும் உதிரியாகச் செய்து தர முடியுமா என்று கேட்கிறார்கள். அவர்கள் செய்யும் பித்தளை, நூல் உதிரிகளை எனக்குத் தந்து பண்டமாற்றாகவும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு இதில் மிகுந்த விருப்பம் உண்டு.

என் முறையைச் சொல்லிவிடுகிறேன். மண்பாண்டம் செய்யும் குடும்பத்தாரிடமிருந்து பிசைந்த களிமண்ணை வாங்கி, உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி, சற்று இறுகியதும் ஈர்க்குச்சியால் துளையிட்டு, நிழலில் உலர்த்துகிறேன். பிறகு மூடியுள்ள மண்சட்டிக்குள் நிரப்பி, சுற்றிலும் வறட்டியும் சிரட்டையும் அடுக்கி, மேலே உமியைக் கொட்டி மொட்டைமாடியில் சுடுகிறேன். ஆறிய பின் அக்ரிலிக் வண்ணம் தீட்டி வார்னிஷ் பூசுகிறேன்.

இன்னொருவர் கைக்குப் போகும் மணி என்றால் அதற்குத் தனி ஒழுங்கு வேண்டும் என்று தோன்றுகிறது. மணிகளை ஒரே அளவில் செய்வது எப்படி? துளை எவ்வளவு அகலம் இருந்தால் எல்லோருக்கும் பயன்படும்? மண் சரியாகச் சுட்டிருக்கிறது என்பதை வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா? வண்ணம் தீட்டிக் கொடுப்பது நல்லதா, தீட்டாமல் கொடுப்பது நல்லதா? அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

சூளைமுகம் எழுதுகிறார்:

வணக்கம் சகோதரி. சுடுதலைப் பற்றி முதலில் சொல்கிறேன். அளவும் துளையும் எவ்வளவு சீராக இருந்தாலும், உள்வரை சுடப்படாத மணி மழையில் நனைந்தாலும் வியர்வையில் ஊறினாலும் நாளடைவில் கரைந்து உதிரத் தொடங்கிவிடும்.

உலர்ந்ததுபோல் தெரியும் களிமண்ணுக்குள்ளும் சிறிது ஈரம் தங்கியிருக்கும். வெப்பம் 100 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது அது ஆவியாகிறது. வெளியேற வழி கிடைக்காத ஆவிதான் மணியைப் பிளக்கிறது. ஆகவே முதல் ஒரு மணி நேரத்திற்குத் தீ மிக மெதுவாகவே ஏற வேண்டும். சட்டிக்கு வெளியே கொஞ்சம் தள்ளிச் சிறு தணலை வைத்து, சட்டி முழுவதும் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறிய பிறகே வறட்டியை நெருக்கி அடுக்குவது நல்லது. ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரி வரையிலான வெப்பத்தில், களிமண்ணின் அமைப்போடு வேதியியல் முறையில் பிணைந்திருந்த நீரும் பிரிந்து போகிறது. அதன் பிறகுதான் மண் மீண்டும் தண்ணீரில் குழையாத பொருளாக மாறுகிறது. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்சு மணல் திடீரென விரிகிறது, ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. சட்டியை அவசரப்பட்டுத் திறப்பவர்களின் பதக்கங்களில் மயிரிழை போன்ற விரிசல் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். இரவு சுட்டால் காலையில்தான் மூடியைத் தொட வேண்டும்.

உமியும் வறட்டியும் கொண்டு திறந்த வெளியில் சுடும்போது வெப்பம் 600 டிகிரியிலும் நின்றுவிடலாம், 850 வரையும் போகலாம். காற்றையும் எரிபொருளையும் பொறுத்து அது மாறும். சட்டியின் ஓரத்து மணியும் நடுவிலுள்ள மணியும் ஒரே வெப்பத்தைக் காண்பதுமில்லை. சுடுமண் மணிக்கு 900 டிகிரிக்கு அருகில் கிடைத்தால் மிகவும் நல்லது. இருட்டில் பார்க்கும்போது மணிகள் மங்கிய சிவப்பாக ஒளிர்ந்தால் 650 டிகிரி அளவில் இருக்கிறது என்றும், தெளிந்த சிவப்பாக ஒளிர்ந்தால் 750 முதல் 800 வரை வந்திருக்கிறது என்றும், ஆரஞ்சு நிறம் கலந்தால் 900-ஐ எட்டிவிட்டது என்றும் கொள்ளலாம். சட்டியின் மூடியில் ஒரு சிறு பார்வைத் துளை விட்டுவைத்தால் இதைத் தொலைவில் நின்றே காணலாம். தொடர்ந்து பிறருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், சிறிய மின்சூளை வைத்திருப்பவரிடம் கட்டணம் கொடுத்துச் சுட்டுக்கொள்வதையும் நினைத்துப் பாருங்கள். கண்ணாடிபோன்ற மேற்பூச்சு (கிளேஸ்) இல்லாத மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாது என்பதால், ஒரு கிண்ணத்தில் குவித்தே வைத்துச் சுடலாம். நூற்றுக்கணக்கான மணிகளுக்கு மிகக் குறைந்த இடமே தேவைப்படும்.

சோதனைக்கு எளிய வழிகள் உண்டு. ஒவ்வொரு சூட்டிலும் ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் சில மணிகளை எடுத்து இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் விரலால் தேய்த்தால் மண் குழம்பாக வந்தால் அந்தச் சூடு முழுவதும் திரும்பச் சுடப்பட வேண்டியது. குழையவில்லையென்றால், இரண்டு மணிகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்; நன்கு வெந்த மணி கணீரென்று ஒலிக்கும், வேகாதது மொத்தென்று ஒலிக்கும். ஒன்றை உடைத்து உட்புறத்தையும் பார்க்க வேண்டும். நடுவில் கரிய வட்டம் தெரிந்தால் மண்ணிலிருந்த இலை, வேர் போன்ற கரிமப் பொருள்கள் எரிந்து முடிவதற்குள் சூடு நின்றுவிட்டது என்று பொருள். அது உடனே கெடுதல் செய்யாது. ஆனால் பெரிய மணிகளில் நீண்ட நேரச் சூடு தேவை என்பதைக் காட்டும்.

மண்ணைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஏரி மண்ணிலும் குளத்து மண்ணிலும் சுண்ணாம்புத் துகள்களும் நத்தை ஓட்டுச் சிதறல்களும் இருப்பது வழக்கம். சூட்டில் அவை சுட்ட சுண்ணாம்பாக மாறி, பிறகு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, மணியின் மேற்பரப்பைச் சில்லாகப் பெயர்த்துவிடும். இது சுட்ட அன்று தெரியாது. சில நாள்களோ வாரங்களோ கழித்து, மணி வாங்கியவர் வீட்டில் இருக்கும்போதுதான் தெரியும். சில்லு பெயர்ந்த குழியின் அடியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் சுண்ணாம்புதான் காரணம். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, நுண்ணிய சல்லடையில் வடித்து, மறுபடியும் இறுக வைத்துப் பிசைவதைத் தவிர இதற்கு நல்ல மாற்று இல்லை. சுட்ட மணிகளை ஒரு மாதமாவது வைத்திருந்து பார்த்த பிறகு அனுப்புவதும் நல்ல பழக்கம்.

மொட்டைமாடியில் சுடுவதால், நேரடியாகத் தளத்தின்மேல் தீ வைக்காதீர்கள். கான்கிரீட்டும் தட்டோடும் அந்த வெப்பத்தில் வெடித்துத் தெறிக்கும். செங்கல் பரப்பி, அதன்மேல் மணல் கொட்டி, அதற்கும் மேல் சட்டியை வையுங்கள். உமிப்புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. குழந்தைகள் உறங்கும் அறையின் சன்னல் பக்கமாகக் காற்று வீசும் நாளில் சுட வேண்டாம்.

அளவுகோல் எழுதுகிறார்:

சுடுதலைப் பற்றி மேலே சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். அளவையும் துளையையும் பற்றி நான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மண் எவ்வளவு சுருங்கும் என்பதை அறிய வேண்டும். ஈரக் களிமண்ணைத் தட்டையாகத் தேய்த்து, அதன்மேல் சரியாக 100 மில்லிமீட்டர் நீளத்திற்கு ஒரு கோடு கீறுங்கள். உலர்த்திச் சுட்டபின் அந்தக் கோட்டை அளந்தால் 92 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மண்ணின் சுருக்கம் 8 விழுக்காடு. அப்படியானால் சுட்டபின் 12 மில்லிமீட்டர் மணி வேண்டுமென்றால் ஈரத்தில் 13 மில்லிமீட்டராக உருட்ட வேண்டும். புதிதாக மண் வாங்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கோட்டைக் கீறிப் பார்ப்பது அவசியம். ஒரே ஏரியின் வேறொரு பக்கத்திலிருந்து எடுத்த மண்கூட வேறு அளவில் சுருங்கும்.

ஒரே அளவில் உருட்டுவதற்குக் கண்ணையோ எடைத்தராசையோ நம்புவதைவிட, சம கனமுள்ள திரியைச் சம நீளத்தில் வெட்டுவதே விரைவான வழி. 8 மில்லிமீட்டர் கனமுள்ள களிமண் திரியை 23 மில்லிமீட்டர் நீளத் துண்டுகளாக நறுக்கினால், ஒவ்வொன்றும் உருட்டியபின் 13 மில்லிமீட்டர் உருண்டையாக வரும். இதில் ஒரு நன்மை உண்டு. வெட்டும்போது நீளத்தில் 2 மில்லிமீட்டர் பிசகினால்கூட, உருண்டையின் விட்டத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடுதான் வரும். திரியின் கனத்தில்தான் கவனம் வேண்டும்; அதில் ஏற்படும் பிழை இரட்டிப்பாகிக் கன அளவில் சேரும். கனத்தைச் சீராக்க, 8 மில்லிமீட்டர் உயரமுள்ள இரண்டு மரச் சட்டங்களை இருபுறமும் வைத்து, திரியின்மேல் ஒரு தட்டைப் பலகையை அந்தச் சட்டங்களில் முட்டும்வரை உருட்டலாம். முறுக்கு அச்சைக் களிமண்ணுக்கென்றே தனியாக ஒதுக்கிப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது.

சுட்டபின் எப்படியும் சிறு வேறுபாடு இருக்கும். எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும் வட்டங்கள் வெட்டிய பிளாஸ்டிக் ஸ்டென்சில் தகட்டை எடுத்து, எந்த வட்டத்தின் வழியாக மணி விழுகிறது, எதில் தங்குகிறது என்று பார்த்துப் பிரித்தால், அரை மில்லிமீட்டர் இடைவெளியில் தொகுப்புகள் கிடைத்துவிடும். காதணிக்கு இரண்டும் ஒரே தொகுப்பிலிருந்து போக வேண்டும். கழுத்து மாலையில் நடுவில் பெரியவையும் பின்னோக்கிச் சிறியவையுமாகக் கோக்கும் மரபு இருப்பதால் எந்தத் தொகுப்பும் வீணாவதில்லை.

இனி துளை. என் கருத்தில், உதிரியாகக் கொடுக்கும் மணியில் முகத்தைவிடத் துளைக்கே அதிக உழைப்பு போக வேண்டும். நீங்கள் ஈர்க்குச்சியைப் பயன்படுத்துவதாகச் சொன்னீர்கள். நல்ல கருவிதான், ஆனால் அடிக்கும் நுனிக்கும் கனம் மாறுவதால் துளையும் மாறும். அதற்குப் பதிலாக ஒரே கனமுள்ள எஃகுப் பின்னல் ஊசியையோ மிதிவண்டிச் சக்கரக் கம்பியையோ கூராக்கி வைத்துக்கொள்ளுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில்தான் துளையிட வேண்டும். ஒரு பக்கத்திலிருந்தே குத்தித் தள்ளினால் மறுபக்கம் மண் பிதுங்கிக் கிழியும். பாதிவரை சுழற்றியவாறு செலுத்தி, வெளியே எடுத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து சேர்க்க வேண்டும். துளையும் மண்ணோடு சேர்ந்து சுருங்கும் என்பதை மறக்காதீர்கள்; 2.2 மில்லிமீட்டர் கம்பியால் இட்ட துளை சுட்டபின் ஏறத்தாழ 2 மில்லிமீட்டராக நிற்கும். 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மணிகளுக்கு 2 மில்லிமீட்டர் துளையும், 8 மில்லிமீட்டர் மணிகளுக்கு 1.5 மில்லிமீட்டர் துளையும் பெரும்பாலான வேலைகளுக்குப் போதுமானவை.

துளையின் வாயில் உள்ள விளிம்பு கூராக இருந்தால் அது நூலை மெல்ல அறுத்துவிடும். மணி உலர்ந்து, சுடுவதற்கு முன்பாக, சீவிய பென்சிலின் கூம்பு போன்ற ஒரு முனையைத் துளையின் வாயில் வைத்து இலேசாகச் சுழற்றினால் விளிம்பு சரிந்து வழவழப்பாகும். சுட்டபின் துளையைப் பெரிதாக்க வேண்டியிருந்தால் வைரத்தூள் பூசிய அரம் கிடைக்கிறது. அதைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே பயன்படுத்துங்கள். உலர்ந்த களிமண்ணையோ சுட்ட மணியையோ உலர்வாகத் தேய்க்கும்போது பறக்கும் தூளில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நுரையீரல் நிரந்தரமாகக் கெடும். ஈரத் துணியாலும் ஈரப் பஞ்சாலும் தேய்ப்பதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள், முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள்.

நூலிழை எழுதுகிறார்:

நான் மணி செய்பவள் அல்லள். பிறர் செய்த மணிகளை வாங்கிக் கோப்பவள். ஆகையால் வாங்குபவரின் பக்கத்திலிருந்து சில சொற்கள்.

உதிரி மணிகளை மட்டுமே செய்து கொடுப்பது முழு நகை செய்வதைவிடக் குறைந்த வேலை என்று நினைக்க வேண்டாம். நம் நிலத்தில் மணி செய்வதே ஒரு தனித் தொழிலாக இருந்திருக்கிறது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் பளிங்கு, சூதுபவளம், பச்சைக்கல் போன்ற கற்களை மணிகளாக்கிய பட்டறைகளின் எச்சங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. பாதி வேலையில் நின்ற மணிகளும் துளையிடாத மணிகளும் அவற்றுள் உண்டு. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் கண்ணாடிக் குழாயை இழுத்து நறுக்கிச் செய்த நுண்மணிகளின் வகை, கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியது. அதே இழுவை முறையில் ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலத்திலும் மணி செய்தார்கள். அவர்கள் செய்தது மணி. அதைக் கோத்து அணிந்தவர்கள் வேறு எங்கோ இருந்தவர்கள். யார் கைக்குப் போனாலும் பயன்படும்படி ஒரு பொருளைச் செய்து முடிப்பது பெரிய திறமை, அதற்குரிய மதிப்போடு அதைச் செய்யுங்கள்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். நாங்கள் பயன்படுத்தும் நூல்கள் பலவகை. மெழுகிட்ட பருத்தி நூல் 1 மில்லிமீட்டர் இருக்கும், பட்டுநூலைப் பல இழைகளாகச் சேர்த்தால் அதற்கும் மேல் தடிக்கும், மணி கோக்கும் மெல்லிய உலோகக் கம்பியான கியர் வயர் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். முடிச்சிட்டுக் கோக்கும் மாலையில் நூல் ஒரே துளைக்குள் இருமுறை போக வேண்டிவரும். எனவே மேலே சொன்ன 2 மில்லிமீட்டர் எங்களுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் காதணியில் 20 கேஜ் ஐ-பின்னை (ஒரு முனையில் வளையமுள்ள கம்பி ஊசியை) செருகும்போது, அது 0.8 மில்லிமீட்டர் மட்டுமே என்பதால், 2 மில்லிமீட்டர் துளைக்குள் மணி ஆடும். அதற்காக நீங்கள் துளையைக் குறுக்க வேண்டியதில்லை. மணியின் இருபுறமும் வைக்கத்தக்க சிறு மணித்தொப்பிகளையோ தட்டை வட்டுகளையோ அதே மண்ணில் 1 மில்லிமீட்டர் துளையுடன் செய்து சேர்த்துக் கொடுங்கள். கடைகளில் கிடைக்கும் உலோகத் தொப்பிகளின் பளபளப்பு சுடுமண்ணோடு பல நேரங்களில் பொருந்துவதில்லை. மண்ணிலேயே கிடைத்தால் நாங்கள் விரும்பி வாங்குவோம்.

எடையைக் கட்டாயம் சொல்லுங்கள். 12 மில்லிமீட்டர் சுடுமண் மணி ஒன்று ஏறத்தாழ 1.6 முதல் 1.8 கிராம் வரை இருக்கும். 16 அங்குலச் சரத்திற்கு 33 மணிகள் பிடிக்கும் என்பதால் மணிகள் மட்டுமே 50 கிராமைத் தாண்டிவிடும். அதனோடு பதக்கமும் சேர்ந்தால் கழுத்து உணரத் தொடங்கும். காதுக்கு என்று வரும்போது இது இன்னும் முக்கியம். ஜிமிக்கிக் குடையைக் கனமாகச் செய்பவர்கள் அதைத் தனியாகத் தராசில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு சுமையைக் காதுமடலில் தொங்கவிடுகிறோம் என்பது புரியும்.

வண்ணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உதிரி மணிகளுக்கு அக்ரிலிக் வண்ணம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அது மண்ணின்மேல் படியும் ஒரு பிளாஸ்டிக் படலம். மாலையில் மணியும் மணியும் உரசும் இடத்தில் அது முதலில் தேயும், துளையின் வாயில் சுருண்டு பெயர்ந்து நூலில் ஒட்டும், வியர்வையும் வாசனைத் தெளிப்பும் படும் பின்கழுத்தில் வார்னிஷ் பிசுபிசுக்கும். அத்தோடு, என் பட்டுநூலின் நிறம் இன்னதென்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் தீட்டிய நீலம் என் நூலுக்குப் பொருந்தாமல் போனால் அந்த மணி என் பெட்டியிலேயே தங்கிவிடும். சுடுவதற்கு முன் காவிக்குழம்பு பூசி, கூழாங்கல்லால் மெருகேற்றிச் சுட்ட மணியின் நிறம் மண்ணோடு ஒன்றியது. அது உரிந்து போவதில்லை. வெள்ளை வேண்டுமென்றால் சீனாக் களிமண் குழம்பைப் பூசலாம். இந்த இரண்டு நிறங்களும் இயற்கைச் சிவப்பும் இருந்தாலே எங்களுக்குப் போதும்.

அளவுகோல் மறுபடியும் எழுதுகிறார்:

வண்ணம் பற்றிய கருத்தில் மட்டும் சற்று வேறுபடுகிறேன். பதக்கத்தின் முகப்புப்போல உராய்வு இல்லாத இடங்களில் அக்ரிலிக் வண்ணம் பல ஆண்டுகள் நிற்கும். கோவில் நகை வடிவங்களில் பொன் வண்ணத்தை விரும்பி வாங்குவோர் ஏராளம். மணிகளுக்கு வண்ணம் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். பதக்கத்தையும் அந்த விதிக்குள் அடக்கிவிட வேண்டியதில்லை.

செம்மண்சரம் எழுதுகிறார்:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சுருக்கத்தை அளக்கும் கோட்டையும் தண்ணீர்ச் சோதனையையும் இந்த வாரமே செய்து பார்க்கிறேன். இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. பதக்கங்களின் மேல் கம்பி வளையத்தை ஈர மண்ணிலேயே பதித்துச் சுடலாமா? கரிய மணிகளை வண்ணமின்றிச் செய்வது எப்படி? மற்றொன்று, பண்டமாற்றாகக் கொடுக்கும்போது எந்த அடிப்படையில் மதிப்பிடுவது, ஒருவர் அச்சிலிருந்து இன்னொருவர் அச்செடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் யாராவது தெளிவுபடுத்தினால் நல்லது.

சூளைமுகம் எழுதுகிறார்:

வளையத்தைப் பதித்துச் சுடலாம், ஆனால் நிக்ரோம் கம்பியாக இருக்க வேண்டும். மின்சூடேற்றிகளில் சுருளாக இருப்பது அந்தக் கம்பிதான். அதன் உருகுநிலை ஏறத்தாழ 1400 டிகிரி. சுடுமண் வெப்பத்தில் அதன் மேற்பரப்பு மட்டும் கறுத்து, வலிமை குறையாமல் நிற்கும். செம்புக் கம்பி உருகாவிட்டாலும் செதில் செதிலாக ஆக்சைடாகி நொறுங்கும்; பித்தளை சூளையின் மேல்வெப்பத்தில் உருகவே தொடங்கிவிடும். கம்பியின் இரு கால்களையும் சற்று வெளிப்புறமாக வளைத்துப் பதித்தால் பிடிப்பு உறுதியாக இருக்கும். மண் சுருங்கும், கம்பி சுருங்காது என்பதால், தடித்த கம்பியை மெல்லிய பதக்கத்தில் பதித்தால் விரிசல் விழும்; 22 கேஜ் அளவே போதும். கம்பி வேண்டாமென்றால் ஜம்ப் ரிங் எனும் சிறு இணைப்பு வளையம் போகும்படி துளையிடுங்கள். துளைக்கும் பதக்கத்தின் விளிம்புக்கும் இடையில் குறைந்தது 3 மில்லிமீட்டர் மண் இருக்கட்டும். மூன்று அல்லது ஐந்து துளைகள் கொண்ட இணைப்புத் துண்டுகளில் இந்த இடைவெளி குறைந்துதான் பெரும்பாலும் உடைகின்றன.

கரிய மணிக்கு, ஏற்கெனவே நன்றாகச் சுட்டு, தண்ணீர்ச் சோதனையில் தேறிய சிவப்பு மணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சட்டிக்குள் உமியோடு கலந்து நிரப்பி, மூடியின் இடுக்கைக் களிமண்ணால் பூசி அடைத்து மறுபடியும் சூடேற்ற வேண்டும். உள்ளே காற்று இல்லாததால் உமி எரிந்து சாம்பலாகாமல் கரியாகிறது. அந்தக் கரி மணியின் நுண்துளைகளுக்குள் படிகிறது, மண்ணிலுள்ள சிவந்த இரும்பு ஆக்சைடும் ஆக்சிசனை இழந்து கறுக்கிறது. முழுவதும் ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டால் கரி எரிந்து மணி மீண்டும் சிவந்துவிடும். முதலில் கூழாங்கல்லால் மெருகேற்றிய மணியாக இருந்தால் கரிய நிறத்தில் அந்த மினுமினுப்பு மிக அழகாகத் தெரியும், எனக்கு மிகவும் பிடித்த மணி அதுதான்.

பனைநார் எழுதுகிறார்:

வடிவங்களையும் மதிப்பையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் சிலர் சேர்ந்து உதிரிகளைப் பரிமாறிக்கொள்கிறோம். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

மாங்காய், அன்னம், தாமரை, மயில் போன்றவை எல்லோருக்கும் பொதுவான வடிவங்கள். அவற்றை உங்கள் கையால் செதுக்கி அச்செடுப்பதில் யாருக்கும் மனத்தாங்கல் வரக் காரணமில்லை. ஆனால் இன்னொருவர் செதுக்கிய மணியையோ பதக்கத்தையோ சிலிக்கானில் அழுத்தி அச்செடுப்பது அவருடைய பல நாள் உழைப்பை எடுத்துக்கொள்வதாகும். அப்படி எடுத்ததை மண்ணில் அழுத்திச் சுட்டால் சுருக்கத்தால் சற்றுச் சிறியதாக வரும் என்பதைத் தவிர வேறுபாடே இருக்காது. வடிவமைப்புச் சட்டம், 2000-இன் கீழ் புதிய வடிவத்தைப் பதிவு செய்தால் 10 ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு உண்டு, மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டிக்கவும் முடியும். சந்தைக்கு வெளியிடுவதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும் என்பது அதில் முக்கியமான நிபந்தனை. வீட்டில் சிறு அளவில் செய்பவர்கள் அதுவரை போவது அரிது. எங்களுக்குள் நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு எளியது: பரிமாற்றத்தில் வந்த உதிரியை நகையாகக் கோத்து விற்கலாம், அதிலிருந்து அச்செடுக்கக் கூடாது, நகையைக் காட்சிக்கு வைக்கும்போது மணி செய்தவர் யார் என்பதைச் சொல்ல வேண்டும். இதை முதல் முறை கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கும்.

மதிப்பை எடையால் கணக்கிடாதீர்கள். மண்ணின் விலை மிகச் சிறிது. பிரித்து, இணை சேர்த்து, விளிம்பு தேய்த்து, சோதித்துத் தேர்ந்ததுதான் உங்கள் பொருள். நாங்கள் தொகுப்பாக மதிப்பிடுகிறோம். ஒரே அளவுள்ள 33 மணிகள் கொண்ட ஒரு சரம், அதற்கு இணையான ஒரு பதக்கம், இரண்டு காதணிக் குடைகள் என்று ஒரு தொகுப்பை அமைத்து, அதைச் செய்ய எடுத்த நேரத்தையும் எரிபொருளையும் சூட்டில் உடையும் பங்கையும் கூட்டிப் பார்த்தால் நியாயமான மதிப்பு கிடைக்கும். பண்டமாற்றில் எதிர்ப்பக்கத்தவரின் நேரத்தையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். பித்தளைக் கம்பியை வளைத்து ஒரு கொக்கி செய்பவரின் நேரம், அந்தக் கொக்கி சிறியது என்பதால் குறைந்துவிடுவதில்லை.

ஒவ்வொரு தொகுப்போடும் ஒரு சிறு அட்டை வையுங்கள். மணியின் அளவு, துளையின் அளவு, எந்த முறையில் சுடப்பட்டது, மேற்பூச்சு ஏதேனும் உண்டா, உலோகம் இருந்தால் என்ன உலோகம் என்பன அதில் இருக்க வேண்டும். உலோகத்தைக் குறிப்பிடுவது மிகவும் முக்கியம். வெள்ளிபோலத் தோன்றும் ஜெர்மன் சில்வரில் செம்பும் துத்தநாகமும் நிக்கலும்தான் இருக்கின்றன, வெள்ளி இல்லை. நிக்கல் பட்டால் காது புண்ணாகிறவர்கள் நம்மிடையே பலர். நிக்ரோம் கம்பியிலும் நிக்கல் உண்டு. அது தோலில் படாத இடத்தில் இருப்பதை உறுதிசெய்து, அட்டையிலும் எழுதிவிடுங்கள்.

அனுப்பும்போது மணிகளை உதிரியாகப் பையில் போட்டால் வழியெல்லாம் ஒன்றோடொன்று மோதிச் சில்லு பெயரும். நூலில் கோத்து, இடையிடையே காகிதத் துண்டுகளைச் செருகி, சரத்தை அட்டையில் சுற்றிக் கட்டி அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். பதக்கங்களைத் தனித்தனியே துணியில் சுற்றுங்கள். பத்து மணிகளுக்கு ஒன்று என்ற கணக்கில் கூடுதல் மணிகளையும் சேர்த்து வைப்பது எங்கள் வழக்கம்.

நூலிழை எழுதுகிறார்:

அந்தக் கூடுதல் மணிகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். அவை அதே சூட்டில் வந்தவையாக இருக்கட்டும். அடுத்த முறை சுட்டதிலிருந்து எடுத்து வைத்தால், அளவு ஒத்திருந்தாலும் சிவப்பு ஒத்திருக்காது. மாலையில் கோத்தவுடன் அந்த ஒன்று மட்டும் தனித்துத் தெரியும். அட்டையில் சூட்டின் தேதியையும் குறித்துவிட்டால், பின்னாளில் ஒரு மணி உடைந்து நாங்கள் மாற்று கேட்கும்போது, எந்தத் தொகுப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று உங்களுக்கும் எளிதாக இருக்கும்.